முதுகு வலிக்குதா? பைக் ஷாக் அப்சர்பரை கவனிங்க!

திருப்பூர்,

கட்டிங் முடிந்த துணிக்கட்டை பைக்கில் ஏற்றி பவர்டேபிள் யூனிட்டுக்கு கொண்டு போவது திருப்பூரில் தினசரி காட்சி. காலையில் தனி ஆள், மதியம் மூட்டை, ராத்திரி மனைவி, குழந்தை. பாரம் மாறுது, ஷாக் அப்சர்பர் மட்டும் ஷோரூமில் வைத்த இடத்திலேயே கிடக்கும். பள்ளத்தில் இறங்கும்போது இடுப்பில் 'ணங்' என்று இடிக்க இதுவும் ஒரு காரணம்.

பின் ஷாக் அப்சர்பரில் ஸ்பிரிங்கை ஒட்டி படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். ஹீரோ ஸ்பிளெண்டரில் 5 படிகள். படியை கூட்டினால் ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கி நிற்கும்; பாரம் ஏற்றினாலும் வண்டி பின்னால் உட்காராது. ஒல்லியான ஆள் தனியாக போனால் குறைந்த படி போதும். அதையே ஏற்றி வைத்தால் வண்டி தூக்கிப்போடும்.

திருப்ப வளைந்த ஸ்பேனர் வேண்டும். சைலன்சர் ஆறிய பிறகு, ஒவ்வொரு படியாக மாற்றி ஓட்டிப்பாருங்க. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் வளைவில் வண்டி ஆட்டம் காட்டும்.

பின்பக்கம் அமுங்கினால் முன் டயரின் பிடிப்பு குறையும். ஹெட்லைட்டும் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணை கூச வைக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் இது ஆபத்து.

ஆயில் கசிந்தால் படியை மாற்றி பலன் இல்லை. ஷாக் அப்சர்பரையே மாற்றணும். டயர் காற்றையும் பாரத்துக்கு ஏற்ப வைக்கணும். படியை கூட்டிட்டோம் என்று அளவுக்கு மீறி மூட்டை ஏற்றாதீங்க. பிரேக்கும் டயரும் அதை தாங்காது.