இசைத்தட்டில் முள் தாவுவதேன்?

பாட்டனார் காலத்து இசைத்தட்டொன்றிலே இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத்தைக் கேட்கப் புகுகின்றோம். முள் ஓரிடத்தில் நின்று ஒரே சுரத்தையே மீண்டும் மீண்டும் கூறுகின்றது. உடனே முள்ளைத் தாங்கும் கையின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுவது பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் மட்டுமன்றி எங்குமுள்ள வழக்கமாகும். தாவல் நின்றுவிடும், ஆனால் மிகைப்பாரம் தட்டின் வரியை அராவித் தேய்த்துவிடும். தேய்ந்த வரியை மீட்பார் இலர்.

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே நீண்ட வரி. தெமோதரையிலே இருப்புப்பாதை வளைந்திறங்கித் தன் நிலையத்தின் கீழேயே குகைவழி செல்வதை நாம் அறிவோம். அதுபோல இவ்வரியும் தன்னையே சுற்றிச் சுற்றி உட்செல்கின்றது. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையிலுள்ள சுவரோ மிக மெல்லியது. அதனை முள் கடத்தலே தாவலாம்.

குற்றம் தட்டினதோ பெட்டியினதோ என்பதை முதலில் துணிதல் வேண்டும். ஒரு தட்டுமட்டும் ஒரே இடத்தில் தாவின் தட்டை நோக்குக. பல தட்டுகளும் தாவின் பெட்டியை நோக்குக.

பெட்டியிற் பெரும்பாலும் காணப்படும் பிழை முள்ளைப் பற்றியது. 78 சுற்றுத் தட்டின் வரி அகன்றது. அதற்குரிய முள்முனையின் ஆரை ஏறத்தாழ அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு. 1948 இல் வெளிவந்த எல்.பி. தட்டுக்கோ ஒரு பங்கே போதும். சிறுமுள்ளைப் பெருவரியில் இட்டால் அது அடியிற் கிடந்து அலையும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த பல பெட்டிகளில் இருமுள்ளும் ஒரே தலையில் உண்டு. திருப்ப மறந்தமையே தாவலுக்குக் காரணமாயிருத்தல் கூடும்.

அடுத்து, பெட்டி சமனாக உள்ளதா என இரசமட்டம் வைத்துப் பார்க்க. முள் உள்நோக்கிப் பாய்ந்தால் சாய்வையும், பழைய சுற்றுக்கே திரும்பினால் கையின் சுழலிடத்தில் இறுகிய பழைய கிறீசையும் ஐயுறுக. பாரம் குறைந்தாலும் முள் தாவும். அப்போது சிறு தராசில் அளந்து, செய்தோர் விதித்த அளவுக்குத் திருத்துவதே முறை. நாணயம் அதற்கு ஈடாகாது.

தட்டை நோக்குமிடத்து, நம் மழைக்காலத்துப் பூஞ்சணமே முதற் பகை. மெல்லிய ஈரத்துணியால் வரியின் போக்கிலே துடைத்து நிழலில் உலர்த்துக. 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும். கீறலுக்கோ மருந்தில்லை. அத்தகைய தட்டின் பழுதற்ற பகுதியை இப்போதே கணினியிற் பதிந்துகொள்க.