கோரை எல்லாம் ஒரே கோரை அல்ல

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



சென்ற பட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு விவசாயி என்னைத் தம் கரும்புக் கொல்லைக்கு அழைத்துப் போனார். "சார், மூணு தடவை ஆள் விட்டுக் கோரையை எடுத்தாச்சு. பதினைஞ்சு நாளிலே பழையபடி நிக்குது. பக்கத்துக்காரர் நெல்லுக்குப் போட்ட அதே மருந்தையும் வாங்கிப் போட்டேன். அவர் வயல் சுத்தமா இருக்கு, எனக்கு மட்டும் கேக்கலே. என் மண்ணுதான் சரியில்லையா?" என்றார்.

மண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் கொல்லையில் இருந்த கோரை வேறு. பக்கத்து வயலில் இருந்த கோரை வேறு. இது தெரியாமல் மூன்று களைக்கூலி வீணாகிவிட்டது.

முதலில் அது கோரைதானா என்று பாருங்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால் போதும். புல்லின் தண்டு உருண்டையாக, கணுவோடு இருக்கும். கோரைத் தண்டு மூன்று பட்டையாக விரலில் தட்டும், கணு இருக்காது. புல்லை மட்டும் கொல்லுகிற மருந்து கோரையை ஒன்றும் செய்யாது என்பதால் இதைச் சொல்லுகிறேன்.

அடுத்தது, வேரைப் பார்ப்பது. இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். கோரையைக் கையால் பிடித்து இழுத்தால் மேலே உள்ளது மட்டும் அறுந்து கையோடு வரும். உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிடும். ஆகவே களைக்கொட்டால் ஓரடி ஆழம் தோண்டி, மண்ணோடு எடுத்து உதறிப் பாருங்கள். கறுப்பாக, சிறு சிறு கிழங்குகள் மணி கோத்ததுபோல ஒன்றோடொன்று தொடர்ந்து வந்தால் அது கிழங்குக் கோரை. ஒரு கிழங்கை நசுக்கி முகர்ந்தால் வாசனை வரும். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற, வீட்டுப் பெண்கள் குளியல் பொடிக்குச் சேர்க்கிற கோரைக்கிழங்கு இதுதான். இதன் பூ செம்பழுப்பாக இருக்கும்.

கிழங்கே இல்லாமல் வெறும் சல்லிவேர் மட்டும் வந்தால் அது விதையால் பரவும் கோரை. நெல் வயலில் அதிகம் காண்பது இந்த வகைதான். இதிலும் இரண்டு மூன்று உண்டு. பூங்கொத்து பந்துபோல் உருண்டு திரண்டிருந்தால் வட்டக்கோரை. கதிர் மஞ்சள் கலந்த பழுப்பாய்க் கிளைகிளையாய் விரிந்திருந்தால் ஊசிக்கோரை. அடிப்பாகம் விசிறி மடிப்பு மாதிரி தட்டையாக இருந்து, மேலே கடுகுமணிபோல் சிறு பூ வைத்தால் அது இன்னொரு வகை. பெயர் ஊருக்கு ஊர் மாறும். பெயரை விட்டுவிடுங்கள், செடியைப் பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

அதாவது, பூப்பதற்கு முன்னே எடுத்துவிட வேண்டும். வட்டக்கோரை ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பூத்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதையைக் கொட்டும். நடவு நெல்லில், நட்ட மூன்று நாளுக்குள் பென்சல்பூரான் மீத்தைல், பிரெட்டிலாகுளோர் கலந்த குருணை மருந்தை ஏக்கருக்கு 4 கிலோ வீதம் 20 கிலோ மணலில் கலந்து, சிறிதளவு தண்ணீர் நிறுத்தி விதைக்கலாம். இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடிக்கக் கூடாது. முளைக்கும் விதையை இது பிடித்துவிடும். பக்கத்துக்காரர் செய்தது இதுதான்.

கிழங்குக் கோரைக்கு இது உதவாது. ஈரத்தில் உழுவதும் ஆபத்து. தொடராக இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைத்து, மற்றவை பெரும்பாலும் தூங்கும். கலப்பை தொடரை அறுத்தால் தூங்கினதெல்லாம் எழுந்துகொள்ளும். ஒரு கோரை பத்துக் கோரையாகும். தரிசாகக் கிடக்கும் கோடையில் ஆழ உழுது கட்டியைப் புரட்டிவிடுங்கள். கிழங்கில் பெரும்பகுதி மேல் அரையடியில்தான் இருக்கும். வெயிலில் கிடந்து சுக்காகக் காய்ந்தால் செத்துவிடும். மேலே வந்ததைப் பொறுக்கிக் கொளுத்தினால் இன்னும் நல்லது. வசதியுள்ள இடத்தில் ஒரு போகம் நெல் வைத்துத் தண்ணீர் கட்டினாலும் அடங்கும். நிழலும் இதற்கு ஆகாது. சணப்பு, தக்கைப்பூண்டு நெருக்கமாக விதைத்துப் பாருங்கள்.

நிற்கிற கரும்பிலே என்ன செய்வது? ஹாலோசல்பூரான் மீத்தைல் 75 சதக் குருணையை ஏக்கருக்கு 36 கிராம், 150 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கோரை மூன்று முதல் ஐந்து இலை விட்ட பருவத்தில் தெளிக்கலாம். ஊடுபயிராக உளுந்தோ பயறோ இருந்தால் வேண்டாம். ஒரு தெளிப்பில் முடிந்துவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தூங்குகிற கிழங்கு பிறகு முளைக்கும்; அதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் பாய்க்கென்றே பயிராக்குவதும் கோரைதானே என்று கேட்பீர்கள். குடும்பம் ஒன்று, ஆள் வேறு. அது ஆள் உயரம் வளரும்; அதை விரட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, வாடகை டிராக்டர் உங்கள் நிலத்தில் இறங்குமுன் கலப்பைக் கொழுவில் ஒட்டியிருக்கிற மண்ணைத் தட்டிக் கழுவச் சொல்லுங்கள். அந்த மண்ணோடு நாலு கிழங்கு வந்தாலும் போதும்.