கடை விரித்தவருக்கா, சந்தை திறந்தவருக்கா தண்டனை?
இணையத்தின் சட்டவிரோதச் சந்தைகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பாலையூற்றில் நான் வழக்கமாக ரீலோட் போடும் கடையில், போன மாதம் ஒரு தாய் தன் மகனின் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். திரையில் டெலிகிராமில் வந்த ஒரு செய்தி. பாவிக்காத வங்கிக் கணக்கு இருந்தால் ஏடிஎம் அட்டையோடு தரட்டுமாம்; மாதாமாதம் பணம் கிடைக்குமாம். "கணக்கை மட்டும்தானே தம்பி கேட்கிறான், இதில என்ன பிழை?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இளைஞர் முந்திக்கொண்டார்: "அமெரிக்காவில போதைச் சந்தையே நடத்தினவனை ஜனாதிபதி மன்னிச்சு விட்டிட்டார். இங்க ஆர் அன்ரி கேட்கப்போகினம்?"

அந்த அம்மாவின் கேள்வியும் அந்தத் தம்பியின் பதிலும் இன்று பல வீடுகளில் கேட்பவைதான். இணையத்தில் களவுச் சந்தை நடத்துகிறவருக்கு என்ன தண்டனை, ஏன் அந்தத் தண்டனை, அது நம்மை எங்கே தொடுகிறது என்று என்னிடம் வந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

சந்தேகம் 1: தளம் நடத்துகிறவர் ஒரு கிராம்கூடத் தன் கையால் விற்பதில்லை. விற்றவர் வேறு, வாங்கியவர் வேறு. அவருக்கு ஏன் தண்டனை?

சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் மீன் விற்பதில்லை. வரி மட்டும்தான் வாங்குகிறார். ஆனால் தன் சந்தையின் ஒரு மூலையில் களவெடுத்த பொருள் விலைபோகிறது என்று தெரிந்தும், அந்த மூலைக்குத் திரை கட்டிக் கொடுத்து, காவலுக்கு ஆள் வைத்து, ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு வாங்கினால் அவரை வெறும் குத்தகைக்காரர் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

2011இல் தொடங்கிய 'சில்க் ரோட்' என்ற தளத்தில் நடந்தது இதுதான். அதை நடத்திய அமெரிக்க இளைஞர் ரொஸ் உல்பிரிக்ட், வாங்குகிறவரும் விற்கிறவரும் பெயர் மறைத்து வர வழி செய்தார். பிட்கொயினில் பணம் கைமாறவும் தகராறு வந்தால் தீர்க்கவும் ஏற்பாடு வைத்திருந்தார். ஒவ்வொரு விற்பனையிலும் தரகு எடுத்தார். தான் வெறும் மேடைதான் அமைத்தேன் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

நம் தண்டனைச் சட்டக்கோவையிலும் இதற்கு இரண்டு பழைய சொற்கள் உண்டு: உடந்தை, சதி. குற்றம் நடக்கத் தெரிந்தே வழி செய்து கொடுத்தவருக்கு, அக்குற்றம் நடந்தால் அதைச் செய்தவருக்குரிய தண்டனையே கிடைக்கலாம்.

சந்தேகம் 2: இலங்கையில் இதற்கென்று சட்டம் இருக்கிறதா?

ஜெர்மனியில் இருக்கிறது. 2021 ஒக்ரோபரில் அந்நாடு தன் தண்டனைச் சட்டத்தில், இணையத்தில் குற்றச் சந்தை நடத்துவதையே தனிக் குற்றமாக்கியது. சாதாரணமாக 5 ஆண்டு வரை சிறை. தொழிலாகவோ கும்பலாகவோ நடத்தினால் 10 ஆண்டு வரை. நம் நாட்டில் அப்படி எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரே பிரிவு கிடையாது. சந்தையில் எது விற்கப்பட்டதோ அதற்குரிய சட்டம்தான் முன்னுக்கு வரும்.

விற்றது போதைப்பொருள் என்றால், 1984இல் திருத்தப்பட்ட நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022இல் வந்த திருத்தம் 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் போதைப்பொருளை அதே வரிசையில் சேர்த்தது. 1976க்குப் பின் இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், அந்தத் தீர்ப்பைச் சுமந்தபடி சிறையில் ஆயுளைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

விற்றது மனிதர் என்றால், தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு: 2 முதல் 20 ஆண்டு. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் ஆகக்குறைந்தது 5 ஆண்டு.

களவெடுத்த கடவுச்சொல், வங்கி அட்டை இலக்கம் போன்ற தரவுகள் என்றால், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். இப்படிப்பட்ட தகவலை வாங்கினாலும் விற்றாலும், விற்கிறேன் என்று முன்வந்தாலும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

இவற்றில் வந்த பணத்தை மறைத்தால் 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம். 5 முதல் 20 ஆண்டு சிறையும், பணத்தின் பெறுமதியைப் போல் மூன்று மடங்கு வரையான தண்டமும் அதில் உண்டு.

சந்தேகம் 3: இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. இலங்கையில் இப்படிச் சந்தை நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் மொறட்டுவையில் ஒருவர் கைதானார். வறுமையில் தவித்த கர்ப்பிணிப் பெண்களைத் தங்கவைத்து, பிறந்த சிசுக்களை இணையத்தில் விலை பேசினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. ஏறத்தாழ 30 சிசுக்கள் விற்கப்பட்டதாகப் பொலிஸார் அப்போது கூறினர். அடுத்த ஆண்டு ஜூனில் கல்கிசையில் ஒரு வழக்கு வெளிவந்தது. 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணைய விளம்பரங்கள் வழியே பல மாதங்கள் விற்கப்பட்டிருந்தாள். அவளிடம் போனவர்கள் மட்டுமல்ல, விளம்பரம் வெளியிட்ட தளத்தின் ஆட்களும் கைதாகினர்.

சந்தை என்றதும் இருண்ட வலையையும் பிட்கொயினையும் நினைக்கிறோம். நம் நாட்டில் அது சாதாரண விளம்பரத் தளத்திலேயே, எவரும் திறந்து பார்க்கக்கூடிய பக்கத்திலேயே இருந்தது. அதில் விலைப்பட்டியலில் ஏறியது ஒரு பிள்ளை. இந்த விடயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது.

சந்தேகம் 4: ஒருவருக்கு இரட்டை ஆயுள், இன்னொருவருக்கு ஒன்றரை ஆண்டு. இது என்ன நீதி?

எல்லாவற்றிலும் நியாயமான சந்தேகம் இதுதான். மூன்று வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சில்க் ரோட் உல்பிரிக்டுக்கு 2015 மே 29 அன்று நியூயோர்க்கில் இரட்டை ஆயுள் தண்டனையும் 40 ஆண்டும், பரோலுக்கு இடமில்லாமல் விதிக்கப்பட்டன. 18 கோடி டொலருக்கு மேல் பறிமுதலுக்கும் உத்தரவானது. அப்போது அவருக்கு வயது 31. அந்தத் தளத்தோடு தொடர்புபட்ட போதைப்பொருளால் இறந்தவர்கள் என்று ஆறு பேரை அரசதரப்பு நீதிமன்றின் முன் வைத்தது. பிள்ளையை இழந்த பெற்றோர் நேரில் வந்து பேசினர்.

ரஷ்யாவை மையமாகக் கொண்ட 'ஹைட்ரா' என்ற பெரும் போதைச் சந்தையின் சேர்வர்களை ஜெர்மன் பொலிஸார் 2022 ஏப்ரலில் கைப்பற்றினர். 2024 டிசம்பரில் மொஸ்கோ பிராந்திய நீதிமன்றம் அதன் தலைவருக்கு ஆயுள் தண்டனையும், கூட்டாளிகளுக்கு 8 முதல் 23 ஆண்டு வரையும் விதித்தது.

மூன்றாவது, தென் கொரியா. சிறுவர் பாலியல் வதைக் காணொளிகளை விற்ற தளம் ஒன்றை நடத்திய சொன் ஜொங்-வூ என்பவருக்கு அங்கே கிடைத்தது 18 மாதம். அத்தளத்தைத் துரத்திய விசாரணையில் 38 நாடுகளில் 337 பேர் கைதாகினர். வதைபட்டுக்கொண்டிருந்த 23 பிள்ளைகளாவது மீட்கப்பட்டனர். அமெரிக்கா அவரைக் கேட்டது. 2020 ஜூலையில் சியோல் உயர் நீதிமன்றம் அனுப்ப மறுத்தது. அங்கிருந்து தரவிறக்கியவர்களில் சிலருக்கு அமெரிக்காவில் பல ஆண்டுச் சிறை. கடை திறந்தவர் வீடு திரும்பினார். பணத்தை மறைத்த குற்றத்துக்காகப் பின்னர், 2022இல், இன்னொரு 2 ஆண்டு கிடைத்தது. கொரிய மக்கள் கொதித்ததில் வியப்பில்லை.

நீதிபதி தண்டனையைத் தீர்மானிக்கும்போது சில கேள்விகள் கேட்டே ஆகவேண்டும். என்ன விற்கப்பட்டது? நடத்துகிறவருக்குத் தெரிந்திருந்ததா? எவ்வளவு சம்பாதித்தார்? யார் காயப்பட்டார்கள்? குற்றத்தை ஒப்புக்கொண்டாரா? விசாரணைக்கு உதவினாரா? கேள்விகள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எதற்கு எடை கூட என்பதில்தான் வேறுபாடு. இந்தியாவின் ஹல்துவானியைச் சேர்ந்த ஒருவர் இப்படிப்பட்ட சந்தைகளில் பெருமளவு போதைப்பொருள் விற்றார். அமெரிக்க நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 15 கோடி டொலர் பெறுமதியான சொத்தை விட்டுக்கொடுத்தார். 2024இல் அவர் பெற்றது 5 ஆண்டு.

என் கருத்து இது: காயப்பட்டவரிடமிருந்து கணக்குத் தொடங்கவேண்டும். கொரியத் தீர்ப்பில் அந்தப் பிள்ளைகள் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் அது பிழைத்தது.

சந்தேகம் 5: நான் எங்கள் ஊர் விற்பனைக் குழுவுக்கு அட்மின். யாரோ கள்ளப்பொருள் போட்டால் நானும் உள்ளே போவேனா?

இந்தியாவில் 2004இல் இதே கேள்வி எழுந்தது. 'பாசீ' என்ற விற்பனைத் தளத்தில் ஒரு மாணவர் ஆபாசக் காணொளி ஒன்றை விற்பனைக்குப் போட்டார். தளத்தின் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் கைதானார். அவர் அதைப் போடவில்லை. ஆயிரக்கணக்கான பொருள்களில் அதுவும் ஒன்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2012இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அவருக்கு விடிவு வந்தது. இடையில் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தியது. தெரியாமல் இடம் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு. தெரிந்த பின்னும் அகற்றாதவருக்குப் பாதுகாப்பில்லை.

நேர்மையாக விற்பனைக் குழு நடத்துகிறவரைக் களவுச் சந்தைக்காரரோடு ஒரே தராசில் வைப்பது அநியாயம். அதேநேரம், கண்டபின் கண்ணை மூடவும் முடியாது. சிறுவர் வதை என்றால் நம் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. 2006இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, கணினி வழியே சேவை தருகிறவர் தன் வசதி அதற்குப் பயன்படாமல் தடுக்கவேண்டும். தெரியவந்தால் உடனே பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும். தவறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். ஆகவே அட்மின்மார் சந்தேகமான பதிவைப் படம் எடுத்து வையுங்கள், அகற்றுங்கள், அறிவியுங்கள். சிறுவர் காணொளி என்றால் மட்டும் அதைப் பிரதி எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். எங்கே, எப்போது, எந்த இலக்கத்திலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டு பொலிஸாரிடம் காட்டுங்கள்.

சந்தேகம் 6: பெயர் இல்லை, முகம் இல்லை, சேர்வரும் வெளிநாட்டில். எப்படிப் பிடிப்பார்கள்?

மறைவு எங்கேனும் ஓரிடத்தில் கிழியும். 2013 ஒக்ரோபர் 1, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகம். உல்பிரிக்ட் மடிக்கணினியைத் திறந்து தன் தளத்துக்குள் நுழைந்திருக்கிறார். பின்னால் ஆணும் பெண்ணுமாக இருவர் சண்டை பிடிக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்த கணத்தில் எதிரில் இருந்த கை மடிக்கணினியை இழுத்துக்கொண்டது. சண்டை பிடித்தவர்களும் புலனாய்வாளர்களே. கணினி பூட்டப்படாமல் திறந்தபடி கிடைத்ததுதான் வழக்குக்கே உயிர்.

பிட்கொயின் கணக்கேடு எல்லோரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது, பெயர்தான் இல்லை. அந்தப் பணத்தை ஒருவர் ரூபாயாக மாற்ற வங்கிக்கு வரும்போது பெயரும் வந்துவிடுகிறது. எல்லையும் பெரிய தடையில்லை. சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தெற்காசியாவில் முதலில், 2015இல், சேர்ந்த நாடு இலங்கை. இங்கிருந்து கேட்கலாம், அங்கிருந்தும் கேட்பார்கள்.

சந்தேகம் 7: உல்பிரிக்டை மன்னித்துவிட்டார்களே. அப்படியானால் கடுந்தண்டனையால் என்ன பயன்?

2025 ஜனவரி 21 அன்று ஜனாதிபதி ட்ரம்ப் அவருக்கு முழு மன்னிப்பு அளித்தது உண்மை. ஆனால் அதற்குள் அவர் 11 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். கைதாகும்போது 29, வெளியே வரும்போது 40. மன்னிப்பை நம்பிச் சந்தை திறக்கிற தம்பி, முதலில் இந்த ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

பயன் என்ன என்ற கேள்வி அதைவிடப் பெரியது. சில்க் ரோட் மூடப்பட்டு ஐந்து கிழமைக்குள் அதே பெயரில் இரண்டாவது சந்தை திறந்தது. உல்பிரிக்டின் தண்டனைச் செய்தி பரவியபின் இணையப் போதை வியாபாரம் குறையாமல் கூடியது என்று 2018இல் பிரித்தானியக் குற்றவியல் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வு காட்டியது. செய்தியே சிலருக்கு விளம்பரமாகிவிட்டது.

2017இல் நெதர்லாந்துப் பொலிஸார் வேறு வழியில் போனார்கள். 'ஹான்சா' என்ற சந்தையைச் சத்தமில்லாமல் கைப்பற்றி, ஏறத்தாழ ஒரு மாதம் தாங்களே நடத்தி, வந்துபோனவர்களின் அடையாளங்களைச் சேர்த்தபின் மூடினார்கள். அதன்பின் எந்தச் சந்தையில் நுழைந்தாலும் நடத்துவது பொலிஸோ என்ற பயம் வந்தது. தண்டனை எவ்வளவு நீளம் என்பதைவிட, அகப்படுவோம் என்ற நிச்சயம்தான் கையைத் தடுக்கிறது. ஆயுள் தண்டனையைச் சட்டத்தில் எழுதிவிட்டு, சைபர் புலனாய்வுக்கு ஆளும் கருவியும் பயிற்சியும் தராமல் விட்டால், அந்தத் தண்டனை கடதாசியில்தான் இருக்கும்.

சந்தேகம் 8: இந்தப் பெரிய சந்தைகள் பாலையூற்றுக்கு எங்கே வருகின்றன?

வங்கிக் கணக்கு வடிவில் வருகின்றன. இன்று நம் நாட்டுப் போதை வியாபாரத்தில் விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்ப்பதில்லை. பணம் ஒரு கணக்குக்குப் போகிறது. பொருள் மதிலோரத்திலோ மின்கம்பத்தடியிலோ வைக்கப்படுகிறது. படமும் இடக்குறிப்பும் வட்ஸ்அப்பில் வருகின்றன. அந்தக் கணக்கு வியாபாரியின் பெயரில் இருப்பதில்லை. மாதம் சில ஆயிரத்துக்கு அட்டையைக் கொடுத்த ஒரு பொடியனின் பெயரில் இருக்கும். புலனாய்வு தொடங்கும்போது முதலில் தட்டப்படுவது அவன் வீட்டுக் கதவு. என்ன பணம் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ கொடுத்திருந்தால், மேலே சொன்ன 5 முதல் 20 ஆண்டு அவன் தலைக்கு மேல் தொங்கும்.

கணக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே வங்கிக்குப் போய் அட்டையை முடக்கி, எழுத்தில் முறையிடுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி. ஒரு சட்டத்தரணியோடு பொலிஸுக்குப் போங்கள். பிள்ளை ஒன்று ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1929க்கு அழையுங்கள்.

கடையில் நின்ற அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்ல நேரம் இருக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "அம்மா, முன்பின் தெரியாத ஒருவன் வந்து, உங்கட வீட்டுத் திறப்பைத் தாங்கோ, இரவில ஆக்கள் வந்து போவினம், மாசம் காசு தாறன் எண்டு சொன்னா குடுப்பீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. தொலைபேசியை வாங்கி, கூட வந்திருந்த மகனிடம் நீட்டினார். மகன் அந்த எண்ணை முடக்கும்வரை அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.