செல்லின் கதை – 11: தெப்பம் இருக்கிறதா, இல்லையா?

சிங்கரும் நிக்கல்சனும் 1972-ல் வரைந்து காட்டிய செல் சவ்வோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காகப் பரவிய மெல்லிய படலம். தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். அதில் புரதங்கள் மிதந்து திரிகின்றன. பாடப்புத்தகங்களில் இன்றும் இந்தப் படம்தான். ஆனால் எல்லாமே இஷ்டத்துக்கு மிதக்கும் என்றால், கூடி வேலை செய்யவேண்டிய புரதங்கள் வேண்டிய நேரத்தில் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? அந்தப் படத்தில் இதற்கு விடை இல்லை.

விடையின் முதல் நுனி, இரண்டு முகம் கொண்ட செல்களில் கிடைத்தது. குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்லுக்கு ஒரு முகம் உணவுப் பக்கம், மறுமுகம் ரத்தப் பக்கம். சர்க்கரைத் தலை கொண்ட ஸ்ஃபிங்கோலிப்பிட் என்ற கொழுப்பு வகை, உணவுப் பக்கத்தில்தான் அதிகம் குவிந்திருக்கிறது. எப்படி? இந்தக் கொழுப்புகள் செல்லுக்குள்ளேயே முதலில் ஒன்றுகூடி, சில புரதங்களையும் சேர்த்துக்கொண்டு, மொத்தமாக அந்த முகத்துக்குக் கிளம்புகின்றன என்று 1988-ல் கை சைமன்ஸும் கெரிட் வான் மேரும் சொன்னார்கள். 1997-ல் சைமன்ஸும் எலினா இகோனெனும் ‘நேச்சர்’ இதழில் இதை விரித்து எழுதினார்கள். சவ்வு முழுக்கவே இப்படிப்பட்ட கொழுப்புத் தெப்பங்கள் மிதக்கின்றன, புரதங்கள் அவற்றில் ஏறிக்கொள்கின்றன என்பது அவர்கள் வாதம். ஸ்ஃபிங்கோலிப்பிட்டின் வால்கள் பெரும்பாலும் நீண்டு நேராக இருப்பவை, நெருக்கி அடுக்கலாம். இடுக்குகளில் கொலஸ்ட்ரால் செருகிக்கொள்ளும். வளைந்த வால் கொண்ட மற்ற கொழுப்புகள் சுற்றிலும் தளர்வாக இருக்கும்.

ஆதாரம்? டெபோரா பிரவுனும் ஜான் ரோஸும் 1992-ல் செய்த சோதனை கையில் இருந்தது. செல்களை 4 டிகிரிக்குக் குளிரவைத்து, ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற திரவத்தில் கரைத்தார்கள். சவ்வின் பெரும்பகுதி கரைந்தது. கொலஸ்ட்ராலும் ஸ்ஃபிங்கோலிப்பிட்டும் நிறைந்த ஒரு பகுதி மட்டும் கரையாமல் நின்றது. அதுதான் தெப்பம் என்று பல ஆய்வகங்கள் எடுத்துக்கொண்டன. அந்தக் கரையாத மிச்சத்தில் எந்தப் புரதம் அகப்பட்டாலும் அதற்குத் ‘தெப்பவாசி’ என்று முத்திரை விழுந்தது.

சந்தேகமும் அங்கேயே முளைத்தது. மார்கழிக் காலையில் நெய்யைப் பார்த்திருப்பீர்கள். பாதி உருகி, பாதி மணல் மணலாக உறைந்து நிற்கும். அந்த மணல், குளிர் வந்த பிறகு பிறந்தது. 4 டிகிரியில் எடுத்த தெப்பமும் அப்படித்தானே? உயிருள்ள செல்லில், 37 டிகிரியில் அது இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? நேரில் பார்க்கவும் வழியில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாம் கலங்கிவிடும்.

உயிருள்ள செல்லில் இதை அளந்துபார்த்த முக்கியமான குழுக்களில் ஒன்று பெங்களூருவில் இருந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரின் குழு. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அவர்கள் செல்மீது பாய்ச்சினார்கள். ஒளிரும் குறி கட்டிய புரதம் தனியாக நின்றால், அது திருப்பி உமிழும் ஒளியும் பெரும்பாலும் அதே தளத்தில் இருக்கும். சில நானோமீட்டர் தூரத்தில் இன்னொரு குறி நின்றால், ஆற்றல் அதற்குத் தாவிவிடும். அது வேறு திசையில் திரும்பி நிற்பதால், வெளிவரும் ஒளியின் தளம் கலைந்துபோகும். ஆக, கலைவு எவ்வளவு என்று அளந்தால் நெரிசல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1998-ல் ரஜத் வர்மாவும் மேயரும் வெளியிட்ட முடிவு, புரதங்கள் 70 நானோமீட்டருக்கும் சிறிய இடங்களில் கூடுகின்றன என்றது. 2004-ல் கோட்பாட்டு இயற்பியலாளர் மதன் ராவும் சேர்ந்து செய்த ஆய்வில் படம் இன்னும் சிறுத்தது. நான்குக்கு மேற்படாத புரதங்கள் கொண்ட குட்டிக் கூட்டங்கள். மீதிப் புரதங்கள் தனியாகவே திரிந்தன. கொலஸ்ட்ராலை உருவி எடுத்தால் கூட்டம் கலைந்தது. இந்தக் கூட்டங்களைக் கூட்டுவதும் கலைப்பதும் சவ்வுக்கு அடியில் ஓயாமல் இயங்கும் ஆக்டின் இழைகள் என்று 2012-ல் அதே குழு காட்டியது. அதாவது, தானாக மிதந்து சேர்வது மட்டுமல்ல. செல் ஆற்றலைச் செலவழித்தும் சேர்க்கிறது.

இதற்கிடையே 2006-ல் துறையினர் கூடி ஒரு வரையறைக்கு வந்தார்கள். தெப்பம் என்பது 10 முதல் 200 நானோமீட்டர் அளவில், சதா மாறிக்கொண்டே இருக்கும் பகுதி. சிறியவை சேர்ந்து பெரிதாகலாம்.

அப்படிச் சேர்த்துவிடுவதில் கைதேர்ந்தது காலரா. நோயை உண்டாக்குவது கிருமி கக்கும் நஞ்சு என்பதை 1959-ல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் தே. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைச் சுரக்கவைத்தது. அந்த நஞ்சின் அடிப்பாகத்தில் ஐந்து துண்டுகள். ஒவ்வொன்றும் ஜிஎம்1 என்ற தெப்பக் கொழுப்பின் சர்க்கரைத் தலையைப் பிடிக்கும். ஐந்தையும் கவ்விக்கொண்டு செல்லுக்குள் இறங்கி, குளோரைடை வெளியேற்றும் குழாய்களைத் திறந்துவிடும். தண்ணீரும் பின்னாலேயே போகும்.

இந்த நஞ்சின் அடிப்பாகத்தைத்தான் ஆய்வகங்கள் பல காலம் தெப்பத்தைக் காட்டும் குறியாகப் பயன்படுத்தின. 2005-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செயற்கைச் சவ்வில் இதைச் சேர்த்தபோது, ஒரே சீராக இருந்த சவ்வு இரண்டாகப் பிரிந்தது. இருப்பதைக் காட்டும் என்று நம்பிய குறி, இல்லாததையும் உண்டாக்கியது.

இது தெப்பக் கொள்கைக்குத் தோல்வி போலத் தெரியலாம். ஆனால் 2008-ல் அதே பல்கலைக்கழகத்தில், உயிருள்ள செல்லிலிருந்து பிரித்த சவ்வுக் குமிழிகளைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. உடல் சூட்டில் சீராக இருக்கும் அவை, அறை வெப்பநிலையை ஒட்டிக் குளிர்ந்ததுமே பிரியத் தொடங்கின. செல் தன் சவ்வைப் பிரியும் விளிம்புக்குக் கொஞ்சம் மேலேயே வைத்திருக்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ளத் தோன்றுகிறது. குளிரோ, நஞ்சோ, ஆக்டினோ, ஒரு சின்ன உந்துதல் போதும், கூட்டம் கூடிவிடும். ஏற்கெனவே கட்டி வைத்த தெப்பத்தைத் தேடியதுதான் இத்தனை வருடக் குழப்பம். செல்லிடம் இருப்பது, நினைத்த இடத்தில் தெப்பம் கட்டும் வசதி.

அடுத்த வாரம்: எச்ஐவி செல்லைவிட்டு வெளியேறும்போது இதே வசதியை எப்படித் தனக்குச் சாதகமாக்குகிறது?

(தொடரும்)