உங்களுக்குத் தெரியுமா? நிறுத்திய லாரியும் நகரும்!

என்ஜினை அணைத்து, கிடங்கின் சரக்கு மேடையை ஒட்டி நிறுத்திய லாரிகூட மெல்ல மெல்ல மேடையை விட்டு விலகும். தள்ளுவது, சரக்கோடு உள்ளே போய்வரும் ஃபோர்க்லிஃப்ட்தான்!

• இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடையே 3 டன்னுக்கு மேல். உள்ளே போய் அது பிரேக் போடும்போதும், பின்வாங்கி வெளியே கிளம்பும்போதும் லாரி கொஞ்சம் முன்னே தள்ளப்படுகிறது. இப்படியே இடைவெளி வளர்ந்து மேடையையும் லாரியையும் இணைக்கும் பலகை நழுவினால், ஃபோர்க்லிஃப்டும் அதை ஓட்டுபவரும் நடுவே விழுவார்கள். மேடையின் உயரம் சுமார் 4 அடிதான். ஆனால் கூடவே விழுவது டன் கணக்கில் இரும்பு.

• உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் டிரைவர் லாரியை எடுத்துவிடுவது இன்னும் கொடுமை. வேலை முடியும்வரை லாரிச் சாவியைக் கிடங்கிலேயே வாங்கி வைப்பது இதற்காகத்தான். டிரைவர்கள் இதை அவமதிப்பாக நினைக்க வேண்டாம்.

• லாரிக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஏறுமுன் லாரியின் பிரேக்கைப் போட்டு, பின் டயருக்குக் கட்டை வைக்கச் சொல்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி.

• சில மேடைகளில் இரும்புக் கொக்கி உண்டு. பின்னால் மோதும் கார் அடியில் புகாமலிருக்க லாரியில் பொருத்திய குறுக்குக் கம்பியை லாரி நகராதபடி அது பற்றிக்கொள்ளும்.