எத்தனாம் நம்பர் வீடு?

வேல்ஸின் தலைநகரான காடிஃபுக்கு வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் என்றொரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய பண்ணை வீடுகள், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே உண்டு. நூற்றாண்டுகள் கடந்த வீடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்கிற முதியவர்கள், தகரக் கொட்டகை போலத் தெரியும் ஓர் அலுமினிய வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

நான் போயிருந்த அன்று, எண்பதை நெருங்கும் ஒரு பெண்மணி நேராகச் சமையலறைக்குப் போனார். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. கை தானாக ஒரு பக்கம் நீண்டது. குளிர்பெட்டி அங்கேதான் இருந்தது. பின்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டு, "எங்கள் வீட்டில் இந்த மடக்கு மேசை ஒழுங்காக மடங்கவே மடங்காது" என்றார். அந்த அம்மாள் திரும்பி, "நீங்கள் எத்தனாம் நம்பர்?" என்று கேட்டார். தன் தெருக்காரர் என்றே நினைத்துவிட்டார். அவர் பிரிஸ்டலில் வளர்ந்தவர், அம்மாள் காடிஃபில். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் அந்தக் குட்டிச் சமையலறையை விட்டு இருவரும் வெளியே வரவில்லை. வரிசையில் நின்ற நாங்கள்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரே வீட்டில் வளர்ந்த அந்நியர்கள் அவர்கள். இப்படி ஒரு உறவு உண்டாக ஒரு உலகப் போர் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டுவீச்சு பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கியது. போர் முடிந்து படைவீரர்கள் திரும்பினால் குடியிருக்க இடம் வேண்டும். கொத்தனார் இல்லை, செங்கல் இல்லை, மரம் இல்லை. 1944 மார்ச்சில் பிரதமர் சர்ச்சில் வானொலியில் பேசும்போது, தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து பூட்டும் தற்காலிக வீடுகள் 5 லட்சம் வரை கட்டலாம் என்றார். அந்த ஆண்டே அதற்கொரு சட்டமும் வந்தது. மாதிரி வீடு ஒன்றை லண்டன் டேட் ஓவியக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். சர்ச்சில் சொன்ன 5 லட்சம் வரவில்லை. 1945 முதல் 1949 வரை 1,56,623 வீடுகள் எழுந்தன. ஆயுள் பத்து வருஷம், மிஞ்சினால் பதினைந்து என்று கணக்கு.

'ப்ரீஃபேப்' என்று மக்கள் சுருக்கிச் சொன்ன இந்த வீடுகளில் பல ரகம். ஆர்க்கான், யூனி-சீகோ, டாரன், ஃபீனிக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எண்ணிக்கையில் முந்தியது அலுமினிய ரகம், 54,500. போர் முடிந்ததும் வேலையில்லாமல் போன விமானத் தொழிற்சாலைகளே அவற்றைச் செய்தன. நான்கு துண்டாக நான்கு லாரியில் வீடு வந்து இறங்கும். கிரேன் தூக்கி வைக்கும், ஆட்கள் பூட்டுவார்கள். அன்றுவரை குண்டுவீச்சு விமானம் செய்த கைகள் குண்டில் வீடிழந்தவர்களுக்கு வீடு செய்தன என்று யாராவது கதையில் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம். விலை மட்டும் மலிவில்லை. அலுமினிய வீடு ஒன்றுக்கு 1,600 பவுண்டுக்கு மேல் ஆனது. தற்காலிக வீட்டுக்கு இத்தனை செலவா என்று அப்போதே கேள்வி எழுந்தது.

வீட்டின் அளவு சுமார் 635 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, குளியலறை. சமையலறையும் குளியலறையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் அந்த ஒரே சுவருக்குள் அடக்கம். எந்த ரகமானாலும் இந்த அமைப்பு மட்டும் மாறக்கூடாது என்பது அரசின் கட்டளை. சுடுதண்ணீர் குழாயில் வந்தது. கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருந்தது. கொல்லைப்புறக் கழிப்பறைக்குக் குளிரில் ஓடியும், சனிக்கிழமைதோறும் தகரத் தொட்டியில் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தும் பழகிய குடும்பங்களுக்கு இது என்னவாக இருந்திருக்கும்!

எல்லாவற்றுக்கும் மேல் குளிர்பெட்டி. பிரிட்டனில் அன்று அது பணக்காரர் வீட்டுப் பொருள். தொழிற்கட்சியின் தலைவராக இருந்த நீல் கின்னக், வேல்ஸின் ட்ரெடிகர் ஊரில் ஒரு ப்ரீஃபேபில் வளர்ந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். அந்தக் குளிர்பெட்டியையும், சுவரோடு மடியும் மேசையையும் பார்க்க உற்றார் உறவினர் கிளம்பி வந்ததையும், விண்கலத்தில் குடியிருப்பது போல இருந்ததையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சாதாரணக் குழந்தைகளுக்கு விண்கலம் தேவைப்படவில்லை. ஐஸ் தட்டு போதும். உணவுப் பங்கீட்டுக் காலத்தில் குழந்தைகளுக்கு அரசு வழங்கிய ஆரஞ்சுச் சாற்றைத் தட்டில் ஊற்றிக் குச்சி ஐஸ் செய்தார்கள். பக்கத்துத் தெருக்களில் இருந்த சிறுவர்கள் இதற்காகவே ப்ரீஃபேப் நண்பர்களைத் தேடி வந்தார்கள். இந்த வீடுகளில் வளர்ந்த யாரிடம் பேசினாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் குச்சி ஐஸ் வந்துவிடும்.

இரண்டாவதாக வருவது தோட்டம். நெருக்கியடித்த தெருவீடுகளில் இருந்து வந்தவர்களுக்குச் சுற்றிலும் மண் கிடைத்தது. குண்டுவீச்சின்போது பதுங்குவதற்குக் கொடுத்த வளைந்த ஆண்டர்சன் தகரங்களை அப்பாக்கள் தோட்டத்துக் கொட்டகை ஆக்கினார்கள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வாசலில் ரோஜா. பல குடியிருப்புகளில் வீடுகளுக்கு நடுவே வண்டிப் பாதையே கிடையாது, நடைபாதைதான். பிள்ளைகளைக் காலையில் வெளியே விட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போதும். குழந்தை உள்ள குடும்பங்களுக்கே முன்னுரிமை என்பதால் தெரு முழுக்க ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள். அப்பாக்கள் எல்லாம் ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள். அம்மாக்கள் எல்லாம் இருபதுகளில். எல்லோர் கையிலும் ஒரே பங்கீட்டுப் புத்தகம். உள்ளே எல்லா வீட்டுக்கும் ஒரே பாலேடு நிறச் சுவர், ஒரே பச்சைச் சட்டம்.

இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏழை பணக்காரன் என்று பார்த்ததும் சொல்ல முடியாத தெரு ஒன்று பிரிட்டனில் அதற்கு முன்பும் அதிகம் இருந்ததில்லை, பின்பும் இல்லை. பக்கத்து வீட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நுழைந்தாலும் தண்ணீர்க் குழாய் எங்கே என்று ஒரு குழந்தைக்குத் தெரியும். எல்லா வீடும் அதன் வீடு. அடுத்த வீட்டுக்காரியை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்ட பிள்ளைகள் அதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் சாப்பிட்டார்கள், அவர் கையிலும் அடி வாங்கினார்கள்.

குறையே இல்லையா என்றால், நிறைய. 1947 தொடக்கத்தில் வந்த கடுங்குளிர் பேர்பெற்றது. பலர் குடிவந்த முதல் குளிர்காலமே அதுதான். ஜன்னலின் உட்பக்கம் பனிப்பூ பூத்தது என்று சொல்லாதவர் இல்லை. கோடையில் வீடு அடுப்பு. மழை பெய்தால் கூரையின் சத்தத்தில் வானொலி கேட்காது. பல ரகங்களின் சுவர்களில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் ஆபத்தை அன்று யாரும் குடியிருப்போருக்குச் சொல்லவில்லை. சுற்றியிருந்த செங்கல் வீட்டுக்காரர்கள் இவர்களை 'ப்ரீஃபேப் பிள்ளைகள்' என்று கொஞ்சம் மூக்கைச் சுளித்துத்தான் சொன்னார்கள். வீடு கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்பதையும் மறக்கக்கூடாது. 1946இல் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காலியான ராணுவ முகாம்களைப் பூட்டுடைத்துக் குடியேறின.

அறுபதுகளில் நகராட்சிகள் இந்தக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தன. பூங்காவிலும் குண்டு விழுந்த மனையிலும் கட்டியவை, தற்காலிகம் என்று சொல்லித்தான் கட்டியவை, கேட்டால் சட்டம் நகராட்சிகள் பக்கம். ஒரு குடும்பத்துக்குப் பதினோராவது மாடி, இன்னொன்றுக்கு நகரின் அடுத்த கோடி, வேறொன்றுக்குப் புதிதாக உருவான நகரம். லிவர்பூலின் பெல் வேலில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ப்ரீஃபேப்கள் இருந்தன, நாட்டிலேயே பெரியது. அது இருந்த இடத்தில் பின்னர் அடுக்குமாடிகளும் பெரிய கடைத்தொகுதியும் வந்தன. ஊரைக் காலி செய்து போனவர்களுக்குத் திரும்பி வந்து பார்க்க ஊர் இருக்கும். இவர்களுக்கு வீடு மட்டும் போகவில்லை. சில இடங்களில் தெருவின் பெயரும் போயிற்று.

அதனால் இவர்கள் பழைய அண்டை வீட்டாரைத் தேடுவது துப்பறியும் வேலை. பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கல்யாணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறிவிடுகிறது. அன்று கூப்பிட்ட செல்லப் பெயர்தான் நினைவிருக்கும், பதிவேட்டில் இருப்பது வேறு. உதவிக்கு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிப் புகைப்படம். 1953 ஜூன் 2, எலிசபெத் ராணியின் முடிசூட்டு நாள். நாடு முழுக்கத் தெருவிருந்து. அன்று மழை வேறு. நீண்ட மேசை, காகிதக் கிரீடம், கடற்கொள்ளையனாகவும் தேவதையாகவும் வேஷம் போட்ட பிள்ளைகள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மிட்டாய்க்கான பங்கீடு நீங்கியிருந்தது. படத்தில் பாதிப் பேர் கன்னம் உப்பியிருப்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். இந்தப் படத்தை நகலெடுத்து, ஒவ்வொரு முகத்தின் மேலும் பெயருக்குப் பதிலாக வீட்டு எண்ணை எழுதுகிறார்கள். 'இருபத்தேழாம் நம்பரின் சின்னப் பையன்', 'நாற்பதாம் நம்பர் சிவப்பு முடிக்காரி'. அந்தச் சின்னப் பையனுக்கு இப்போது கொள்ளுப்பேரன் இருப்பான். ஆனாலும் சந்திப்பில் அறிமுகம் எண்ணிலிருந்தே தொடங்குகிறது.

பிரான்ஸைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எலிசபெத் பிளான்ஷே இந்த வீடுகளையும் அதில் வாழ்ந்தவர்களையும் பல ஆண்டுகள் படமெடுத்தவர். தென்கிழக்கு லண்டனின் கேட்ஃபோர்டில் எக்ஸ்காலிபர் என்றொரு குடியிருப்பு. பூங்கா நிலத்தில், போர்க்கைதிகளின் உழைப்பில், 1945-46இல் எழுந்த 187 யூனி-சீகோ வீடுகள். தெருக்களுக்கு ஆர்தர் மன்னர் கதையின் வீரர்கள் பெயர். தகர முகடு வைத்த தேவாலயம் கூட ஒன்று இருந்தது. 2014 மார்ச்சில் அங்கே மீலியட் சாலையில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் பிளான்ஷே ப்ரீஃபேப் அருங்காட்சியகம் திறந்தார். ஒரு மாதத்துக்கு என்று தொடங்கியது. ஜனம் வந்துகொண்டே இருந்ததால் மாதங்கள் நீண்டன. வந்தவர்கள் படத்தைப் பார்த்ததைவிடத் தங்கள் படத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியதுதான் அதிகம். அக்டோபரில் அந்த வீடு தீக்கிரையானது. அதன் பிறகு அருங்காட்சியகத்துக்குச் சுவரில்லை; ஊர் ஊராகப் போய்க் கண்காட்சி நடத்துகிறது, வாய்மொழி வரலாறு சேர்க்கிறது, மறைந்த குடியிருப்புகளை ஒரு வரைபடத்தில் குறித்துவைக்கிறது. இன்று எந்த நகரத்து வரைபடத்திலும் இல்லாத தெருக்கள் அதில் இருக்கின்றன.

பார்க்க வந்தவர்கள் கண்கலங்கினார்கள். குடியிருந்தவர்களோ பிரிந்து நின்றார்கள். எக்ஸ்காலிபரை இடித்துப் புது வீடுகள் கட்டலாமா என்று 2010இல் வாக்கெடுப்பு நடந்தபோது 56.2 சதவீதம் பேர் சரி என்றார்கள். கசியும் கூரையின் கீழ் குளிரில் கிடப்பவரிடம், உங்கள் வீடு ஒரு வரலாறு என்று சொல்வதில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது. வெளியேற மாட்டேன் என்று கடைசிவரை தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருந்தவர் பக்கமும் நியாயம் இருந்தது. பத்து வருஷத்துக்குக் கொடுத்த வீட்டை அறுபது வருஷம் துடைத்து, பூசி, ஒழுகும் இடத்தை அடைத்துக் காப்பாற்றியது அவர்தானே, நகராட்சி இல்லையே. 2013இல் இடிப்பு தொடங்கியது. பெர்சன்ட் சாலையில் ஆறு வீடுகளுக்கு மட்டும் பாரம்பரியக் கட்டடம் என்ற பாதுகாப்பு உண்டு. பர்மிங்ஹாமின் மோஸ்லியில், வேக் கிரீன் சாலையோரம் 16 ஃபீனிக்ஸ் வீடுகளுக்கும் அதே பாதுகாப்பு.

லூயிஷம், கேட்ஃபோர்டு பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். லூயிஷம் சிவன் கோயிலுக்குப் போகிற வழியிலேயே பழைய தெருக்காரர்கள் சிலரை நீங்கள் தினமும் பார்க்கக்கூடும். உங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருந்து, ப்ரீஃபேபில் வளர்ந்ததாக எப்போதாவது வாய்தவறிச் சொன்னால், "அப்படியா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு தேநீரோடு உட்கார்ந்து, எத்தனாம் நம்பர் என்று கேளுங்கள். அலமாரியிலிருந்து ஒரு முடிசூட்டு நாள் படம் வெளியே வரும். அதை ஒரு நகலெடுத்து, முகங்களுக்கு மேல் எண்களைச் சீக்கிரம் எழுதி வாங்கிவிடுங்கள். அந்த எண்களைத் தெரிந்தவர்கள் இப்போது மிகக் குறைவு.