எலும்புக்கூடுகள் காக்கும் வாசல்

பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் கல்லில் செதுக்கியவை. கோயில் வாசலில் துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அந்த இடத்தில் விலா எலும்புகளைப் பார்ப்பது முதலில் திடுக்கிடலாகத்தான் இருக்கும். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர்களுக்கு அது சாதாரண வழக்கம். மண்டையோடு, குறுக்காக வைத்த எலும்புகள், மணல் கடிகாரம் ஆகியவற்றைத் தங்கள் கல்லறைகளிலும் ஓவியங்களிலும் வைத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே வருகிறவனே, உனக்கும் இதுதான் என்று சொல்லும் வாசல் அது.

வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கல்லறைத் தோட்டம் அப்படியொன்றும் தூரமில்லை. பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. 1,500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளையும் தினமும் பார்த்துப் பார்த்து, இந்தக் கரையின் வரலாறே துறைமுகமும் தொழிற்சாலையும் வந்த பிறகுதான் தொடங்கியது என்ற எண்ணம் எங்களுக்குள் படிந்துவிட்டது. ஆனால் கடல் வணிகம், ஆயுதத் தொழிற்சாலை, அந்நிய முதலீடு, ஆட்களைக் கப்பலேற்றி அனுப்புவது எல்லாமே 400 வருடங்களுக்கு முன்பு இதே கரையில் நடந்திருக்கின்றன. அதற்கு எழுத்தில் சாட்சி சொல்லும் கற்கள்தான் பழவேற்காட்டில் கிடக்கின்றன.

ஒல்லாந்தர்களுக்கு முன்பே போர்ச்சுகீசியர்கள் அங்கே வந்துவிட்டார்கள். மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்று சொல்லப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு பண்டகசாலை வைத்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த வருடமே கோட்டை எழுந்தது. கட்டி முடித்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணத்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். சோழமண்டலக் கரை முழுவதிலும் ஒல்லாந்தர்களுக்கு அதுவே தலைமையிடம். 1690இல் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது, நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்ததும் 1781இல் திரும்பி வந்தது. 1825இல் பழவேற்காடு நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று முட்புதர் மண்டிய வெறும் மேடு. கோட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கல்லில் கோட்டையின் தோற்றத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்தால் கற்கள் ஒரே மாதிரி இல்லை. தரையோடு படுக்க வைத்த பெரிய பலகைகள் பல. அவற்றில் குடும்பச் சின்னங்கள், தலைக்கவசங்கள், பூங்கொடிகள், சுற்றிலும் ஓடும் எழுத்து வரிகள். சில இடங்களில் கூம்பாக உயரும் தூண்கள், குவிமாடம் வைத்த மண்டபங்கள். ஆங்காங்கே வெறும் சுண்ணாம்புக் காரை மேடைகள், பெயரில்லாமல். படுத்திருப்பவர்கள் கம்பெனி அதிகாரிகள், வணிகர்கள், அவர்களின் குடும்பத்தார்.

கருங்கல்லில் ஆன அந்தப் பலகைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவை ஹாலந்திலிருந்து செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தவை என்று சுற்றுலாக் குறிப்புகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஹாலந்தில் கணிசமான நிலம் அணைகட்டி, நீரை இறைத்துக் கடலிலிருந்து மீட்டது. கருங்கல் மலை அங்கே கிடையாது. அவர்களே தங்கள் தேவாலயங்களுக்குக் கல்லை பெல்ஜியத்திலிருந்து வாங்கினார்கள். அதுவும் நீலச்சாயல் கொண்ட சுண்ணாம்புக் கல். கருங்கல்லோ இங்கே பல்லவர் காலத்திலிருந்து நம் கல்தச்சர்களின் கையில் பழகியது. பழவேற்காட்டுக் கற்களில் எழுத்துகளைப் பாருங்கள். பள்ளமாக வெட்டவில்லை. சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுத்துவிட்டு எழுத்தை மேலெழும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கடினமான கல்லில் இது பொறுமையின் உச்சம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கல்லறைகளிலும் இதே கைவேலை. எழுதிக் கொடுத்தவன் ஒல்லாந்தன், உளி பிடித்தவன் நம் ஊர்க்காரன் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. தனக்குத் தெரியாத மொழியின் ஒவ்வொரு வளைவையும் பிசகாமல் கல்லில் ஏற்றிய அந்தத் தச்சரின் பெயரை எந்த மூலையிலும் காணோம்.

கல் எந்தத் திசையில் பயணம் செய்தது என்பதற்கு இன்னொரு கதை உண்டு. கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1693இல் இறந்தார். செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவருக்கு வைத்த கல்லறைக் கல், சென்னை பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. இரண்டு நூற்றாண்டு கழித்து, விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறை வகையை ஆராய்ந்து சார்னோக்கைட் என்று பெயரிட்டார். உலகம் முழுவதும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் ஒரு பாறையின் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. அந்தக் கல்லறைக் கல்லோ நம் பரங்கிமலைப் பக்கத்து மண்ணிலிருந்து போனது.

ஒல்லாந்தர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்து சாக வேண்டும்? துணிக்காகத்தான். ஜாவா, மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அவர்கள் கையில் இருந்த நல்ல நாணயம் நம் கரைத் துணி. அங்கே இருந்தவர்களுக்கு ஐரோப்பியச் சரக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சோழமண்டலத்தின் சாயத் துணிக்குத்தான் கிராக்கி. பழவேற்காட்டைச் சுற்றியிருந்த நெசவாளர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலி இன்றும் இந்த ஊரின் பெயரில்தான் விற்கிறது. கோட்டையை ஒட்டி வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. அதன் சரக்கு கிழக்கே இருந்த பல டச்சுக் கோட்டைகளுக்குப் போனது.

அதோடு மனிதர்களும் போனார்கள். 1620களிலும் 1640களிலும் இந்தக் கரையில் பஞ்சமும் போரும் மாறி மாறி வந்தன. சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றவர்கள், பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என ஆயிரக்கணக்கானோர் பழவேற்காட்டிலிருந்து பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் அவர்களைத் துணி மூட்டைகளோடு சேர்த்து எண்ணிக்கையாக எழுதி வைத்தன. இந்தக் கல்லறைத் தோட்டத்தில் நடக்கும்போது எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது இதுதான். குடும்பச் சின்னம் பொறித்த கல் அந்த வணிகத்தின் லாபத்தில் வந்தது. கப்பல் ஏறியவர்களுக்குக் கரையில் ஒரு செங்கல்லும் இல்லை.

சென்னையின் ஆங்கிலேயர் கல்லறைகள் போன விதம் வேறு. அவர்களின் பழைய இடுகாடு சென்னைக் கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவருடைய வீரர்கள் அந்தக் கல்லறை மண்டபங்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் மண்டபங்களை இடித்துவிட்டு, பலகைகளைப் பெயர்த்து கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தின் முற்றத்தில் பதித்தார்கள். அவற்றில் 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் ஒன்று. இந்தியாவில் இருக்கும் ஆங்கிலக் கல்வெட்டுகளிலேயே பழையது என்று அதைச் சொல்வார்கள். இடித்த இடத்தில் தப்பி நின்ற உயரமான கூம்புத் தூணின் கீழே ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியும், கவர்னர் எலிஹு யேலின் குழந்தை மகன் டேவிட்டும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல். அவருடைய சென்னைச் செல்வத்திலும் அடிமை வணிகத்தின் பங்கு இருந்ததைப் பல்கலைக்கழகமே ஆராய்ந்து எழுதியிருக்கிறது.

கல்லறைகளைப் படித்துப் பதிவு செய்யும் ஆர்வம் விக்டோரியா காலத்தில்தான் பெருகியது. லண்டனில் தேவாலய முற்றங்கள் பிணங்களால் நிரம்பி, காலராவும் சேர்ந்து பயமுறுத்த, ஊருக்கு வெளியே தோட்டம்போல கல்லறைகள் அமைத்தார்கள். 1833இல் கென்சல் கிரீன், 1839இல் ஹைகேட். அந்தத் தலைமுறையின் பிள்ளையான ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன், சென்னை மாகாணத்தின் பழைய கல்லறை எழுத்துகளைத் திரட்டி 1905இல் ஒரு பெரிய பட்டியலாக வெளியிட்டார். வெயிலிலும் உப்புக் காற்றிலும் தேய்ந்துபோன பல வரிகளை இன்று அந்தப் புத்தகத்தில்தான் முழுதாகப் படிக்க முடியும்.

வடசென்னையில் அந்தத் தோட்டக் கல்லறை மரபின் தொடர்ச்சி காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம். கீழ்ப்பாக்கத்தையும் காசிமேட்டையும் ஒரே வாரியம் நிர்வகிக்கிறது. இடநெருக்கடியால் குடும்பக் கல்லறையைத் திறந்து அடுத்தவரையும் அதிலேயே அடக்கம் செய்வது அங்கே வழக்கம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பழவேற்காட்டில் மெழுகுவர்த்தி ஏற்ற அந்தக் குடும்பங்கள் யாரும் ஊரில் இல்லை. அதனால் அந்தக் கல்லறைகளுக்கு உறவு என்று இருப்பது நாம்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல. அந்தக் கல் நம் தச்சருடையது, அந்தப் பணம் நம் நெசவாளர் உழைப்பு, அந்தக் கணக்கில் காணாமல் போனவர்கள் நம் மக்கள்.

கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவர் இருக்கிறது, கற்களை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அது பெரிய விஷயம். ஆனால் ஒல்லாந்த மொழியில் இருக்கும் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? ஒவ்வொரு முக்கியமான கல்லுக்குப் பக்கத்திலும் தமிழில் ஒரு பலகை வேண்டும். யார் இவர், எந்த வருடம், இங்கே என்ன வேலை பார்த்தார் என்று நாலு வரி. வாசலுக்கு அருகில் இன்னொரு பலகை, பட்டாவியாவுக்கு ஏற்றப்பட்டவர்களைப் பற்றி. மீஞ்சூர், பொன்னேரி பள்ளிகள் ஆண்டுதோறும் எங்காவது சுற்றுலா போகின்றன. ஒரு வருடம் இங்கே வரலாம். காலையிலோ மாலையிலோ வந்தால் நல்லது. வெயில் சாய்வாக விழும்போதுதான் மேலெழும்பி நிற்கும் எழுத்துகள் நிழல் கட்டி, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.